டொமி டக்ளஸ்: சிகிச்சைக்கு விலை கேட்காத ஏற்பாட்டைக் கட்டியெழுப்பிய போதகர்

சிலாவத்துறையிலும் அதனைச் சூழ்ந்த முசலிப் பிரதேசத்துக் கிராமங்களிலும் ஒருவர் கடும் சுகவீனமுற்றால் வீட்டாரின் முதற்கவலை வாகனத்தைப் பற்றியதாகவே இருக்கும். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, அங்கும் இயலாதெனில் அனுராதபுரத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நோயாளியை எவ்வாறு கொண்டு செல்வது, நள்ளிரவில் யாருடைய வாகனம் கிடைக்கும் என்றே அவர்கள் தவிப்பர். அரசாங்க வைத்தியசாலையின் வாசலில் கட்டணம் கேட்டு எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது எமக்கு வெயிலையும் காற்றையும் போலப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. 1951 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வேரூன்றிய இந்த ஏற்பாட்டின் அருமை, அது இல்லாதிருந்த நாடொன்றின் கதையைப் படிக்கும்போதே முழுமையாகப் புலப்படுகின்றது.

போர்க்காலத்தில் வடக்கிலிருந்து புறப்பட்டு ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் குடியேறிய எமது உறவினர்கள், பிள்ளைப்பேற்றுக்கும் இருதய சத்திரசிகிச்சைக்கும் அங்கே சுகாதார அட்டை ஒன்றைக் காட்டினால் போதும் என்று தொலைபேசியில் கூறக் கேட்டிருக்கின்றோம். கனடா செல்வந்த நாடு என்பதால் அது இயல்பாகவே அமைந்துவிட்டது என்று எண்ணுவோர் எம்மிடையே உண்டு. அதன் அயல்நாடான ஐக்கிய அமெரிக்கா அதனிலும் செல்வம் மிக்கது. அங்கே இன்றுவரை அவ்வாறு இல்லை. கனடாவில் அது அமைந்தமைக்குப் பலர் காரணர் எனினும், அவர்களுள் முதல்வராக அந்நாட்டு மக்களால் நினைவுகூரப்படுபவர் தோமஸ் கிளெமென்ற் டக்ளஸ் என்னும் டொமி டக்ளஸ் ஆவார். 2004 ஆம் ஆண்டு கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திய வாக்கெடுப்பில், பிரதமர்களையும் விஞ்ஞானிகளையும் விளையாட்டு வீரர்களையும் பின்தள்ளி, அந்நாட்டின் மாபெரும் மனிதராகத் தெரிவு செய்யப்பட்டவர் இவரே. ஒருநாளேனும் நாட்டின் பிரதமராக இருந்திராத ஒருவருக்கு இப்பெருமை கிட்டியது என்பது குறிப்பிடத்தக்கது.

1904 ஒக்டோபர் 20 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் போல்கேர்க் நகரில் இரும்பு வார்ப்புத் தொழிலாளி ஒருவரின் மகனாக டக்ளஸ் பிறந்தார். சிறுவனாயிருந்தபோது விழுந்து முழங்காலில் ஏற்பட்ட காயம் எலும்பழற்சி நோயாக மாறி, பல தடவைகள் சத்திரசிகிச்சை செய்தும் ஆறாதிருந்தது. குடும்பம் பிழைப்புத் தேடிக் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் புலம்பெயர்ந்த பின்னர் நோய் மீண்டும் முற்றியது. குடும்பத்தாரிடம் பணமில்லை. தரும வார்டில் கிடந்த சிறுவனின் காலை வெட்டி அகற்றுவதைத் தவிர வழியில்லை என்று கூறப்பட்ட வேளையில், பிரபல எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் அவனைக் கண்டார். தமது மாணவர்கள் பார்த்துக் கற்பதற்குப் பெற்றோர் சம்மதித்தால் கட்டணமின்றிச் சிகிச்சை செய்வதாக அவர் முன்வந்தார். கால் பிழைத்தது.

அந்த வைத்தியரிடம் டக்ளஸ் ஆயுள் முழுவதும் நன்றி பாராட்டினார். எனினும் வயது ஏற ஏற அவரது மனதை உறுத்தியது வேறொன்று. பெருந்தன்மையுள்ள ஒரு நிபுணர் அன்று அவ்வழியே வந்திராவிட்டால் தமது கதி என்ன? பக்கத்துக் கட்டிலில் கிடந்த, நிபுணரின் கண்ணில் படாத பிள்ளையின் கதி என்ன? ஒருவரின் காலும் உயிரும் தற்செயலான தருமத்தில் தங்கியிருக்கலாகாது என்ற எண்ணம் அவரது அரசியலின் அடித்தளமாயிற்று. தருமத்தை அவர் இழிவாகக் கருதியவரல்லர். அதுவே ஒரு நாட்டின் சுகாதாரக் கொள்கையாக இருக்க முடியாது என்றே கண்டார்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் தாயுடன் ஸ்கொட்லாந்துக்குத் திரும்பி, பள்ளியை விட்டு வேலைக்குச் சென்று, மீண்டும் வின்னிபெக்கை அடைந்த பின்னர், 1919 இல் அந்நகரம் பொது வேலைநிறுத்தத்தில் கொந்தளித்தது. அவ்வாண்டு ஜூன் 21 ஆம் திகதி தொழிலாளர் கூட்டத்தின் மீது குதிரைப் பொலிஸார் சுட்டதைப் பதினான்கு வயதுச் சிறுவனான அவர் ஒரு கட்டடத்தின் கூரையிலிருந்து கண்டார். பின்னர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழில் பழகினார். வெட்டப்படவிருந்த காலை ஊன்றிக் குத்துச்சண்டைக் களத்தில் இறங்கி 1922 இல் மனிற்றோபா மாகாணத்தின் இலகு எடைச் சம்பியனுமானார். உருவத்தில் சிறியவர், நாவன்மையில் பெரியவர். பிரண்டன் கல்லூரியில் கற்று பப்ரிஸ்ற் திருச்சபையின் போதகராகி, 1930 இல் மனைவி ஏர்மாவுடன் சஸ்கற்சுவான் மாகாணத்தின் வேபேர்ன் என்ற சிறு நகருக்குச் சென்றார்.

அவர் சென்ற காலம் கொடியது. உலகப் பொருளாதார மந்தம் ஒருபுறம், தொடர்ந்த வரட்சி மறுபுறம். கோதுமை விளைந்த சமவெளிகள் புழுதிக் காடாயின. முசலியின் மானாவாரி வயல்களில் மழை பொய்த்த ஆண்டுகளைக் கண்ட எமது விவசாயிகளுக்கு அந்நிலைமையை விளக்க வேண்டியதில்லை. கடன்பட்ட விவசாயி வைத்தியரை அழைக்கத் தயங்குவான். தயங்கித் தயங்கி இறுதியில் அழைக்கும்போது காலம் கடந்திருக்கும். தகுந்த நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய இளைஞர்களைத் தமது கையால் அடக்கம் செய்ய நேர்ந்ததே அப்போதகரை அரசியலுக்குத் தள்ளியது என அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1933 இல் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்துக்கு அவர் சமர்ப்பித்த முதுகலை ஆய்வில், மனவளர்ச்சி குன்றியோர் எனவும் ஒழுக்கம் கெட்டோர் எனவும் கருதப்பட்ட ஏழைக் குடும்பத்தினருக்குக் கருத்தடை செய்வது பற்றிய அக்காலத்து இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்திருந்தார். 1936 இல் ஜேர்மனிக்குச் சென்று ஹிட்லரின் ஆட்சியைக் கண்ணாரக் கண்டவர் அக்கொள்கையைக் கைவிட்டார். பின்னாளில் சுகாதாரப் பொறுப்பு தம் கைக்கு வந்தபோது அவ்வாறான ஆலோசனைகளை நிராகரித்தார். பெரியோரின் வாழ்க்கையை எழுதுவோர் இத்தகைய பக்கங்களைப் புரட்டாமல் கடப்பதுண்டு. அவ்வழக்கம் எமக்கு உடன்பாடானதன்று.

1932 இல் விவசாயிகளும் தொழிலாளரும் இணைந்து அமைத்த கூட்டுறவுப் பொதுநலவாய சம்மேளனம் என்னும் கட்சியில் சேர்ந்து, 1935 இல் அவர் சமஷ்டிப் பாராளுமன்ற உறுப்பினரானார். எலிகள் ஒரு முறை கறுப்புப் பூனைகளையும் மறுமுறை வெள்ளைப் பூனைகளையும் தம்மை ஆளத் தெரிவு செய்து வந்த நாட்டின் கதையை, தோழர் ஒருவரிடம் கேட்டு, மேடைதோறும் அவர் சொல்லி வந்தார். பூனையின் நிறம் மாறினாலும் சட்டங்கள் பூனைகளுக்கே சாதகமாயிருந்தன. எலியை ஆட்சிக்கு அனுப்பலாமே என்று கேட்ட எலியோ சிறையில் அடைக்கப்பட்டது. இக்கதையை விளங்கிக்கொள்ள எமது வாசகர்களுக்குக் கனேடிய அரசியல் அறிவு தேவைப்படாது.

1944 ஆம் ஆண்டு மாகாணத் தேர்தலில் டக்ளஸ் தலைமையில் அக்கட்சி 52 ஆசனங்களில் 47 ஐக் கைப்பற்றியது. வட அமெரிக்காவில் சமூக ஜனநாயகக் கட்சியொன்று ஆட்சியமைத்தது அதுவே முதற் தடவை. முதலமைச்சரான டக்ளஸ் சுகாதார அமைச்சையும் தாமே வைத்துக்கொண்டார். முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் போன்ற வறியோருக்கு இலவச வைத்தியம், புற்றுநோயாளருக்கு இலவசச் சிகிச்சை என்பன உடனடியாக வந்தன. 1947 இல் இன, மத பேதம் காட்டுவதைத் தடைசெய்யும் உரிமைச் சட்டமொன்றையும் கனடாவிலேயே முதலாவதாக அம்மாகாணம் நிறைவேற்றியது.

அவர் வெற்றிடத்திலிருந்து தொடங்கவில்லை. சார்னியா என்ற கிராமியச் சபை 1914 அளவிலேயே வரிப்பணத்திலிருந்து சம்பளம் கொடுத்து வைத்தியர் ஒருவரைத் தன் மக்களுக்காக அமர்த்தியிருந்தது. ஏனைய கிராமங்கள் பின்பற்றின. எமது ஊர்களில் மரண சகாய சங்கங்கள் இயங்கும் முறையை நோக்கின் இது விளங்கும். மாதந்தோறும் எல்லா வீடுகளும் சிறுதொகை கொடுக்கின்றன. எந்த வீட்டில் இழப்பு நேருமென எவருக்கும் தெரியாது. நேர்ந்த வீட்டுக்கு அனைவரின் பணமும் போய்ச் சேர்கின்றது. பள்ளிவாசல் ஜமாஅத்துகளின் பைத்துல்மால் நிதியும், வட்டியையும் நிச்சயமற்ற பேரத்தையும் தவிர்த்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் தகாபுல் முறையும் இதே அடிப்படையைக் கொண்டவை. டக்ளஸ் செய்தது, கிராமம் அறிந்திருந்த இவ்வேற்பாட்டை ஒரு மாகாணத்தின் சட்டமாக்கியதே.

1947 ஜனவரி முதலாம் திகதி வைத்தியசாலைக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆளொருவருக்கு வருடத்துக்கு 5 டொலர். குடும்பமொன்றுக்கு அதிகபட்சம் 30 டொலர். எஞ்சியதை மாகாண அரசு ஏற்றது. வைத்தியர்களின் கட்டணத்தையும் காப்புறுதிக்குள் கொண்டுவர அவருக்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. இத்தாமதத்தை அவரது சொந்தக் கட்சியினரே குறை கூறினர். ஆனால் அவர் கணக்குப் பார்த்து நடப்பவர். கடனில் மூழ்கியிருந்த மாகாணத்தின் வரவுசெலவை ஆண்டுதோறும் சமன்செய்து காட்டியவர். வட்டிக்காரனின் கையில் அகப்பட்ட அரசினால் நோயாளியைக் காப்பாற்ற முடியாது என்பது அவர் கொண்டிருந்த நிலைப்பாடு. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியதைக் கண்ட பின்னர், நாமும் அவரது சிக்கனத்தைக் குறை கூறத் துணியோம்.

சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்திலேயே பிரிவினை என்று பொருள்கொள்வோர் எமது நாட்டில் இன்னும் உளர். சுகாதாரம் மாகாணங்களின் அதிகாரத்துக்குட்பட்டதாய் இருந்தமையாலேயே, ஒட்டாவாவிலிருந்த மத்திய அரசு செய்யத் தயங்கியதை வறிய மேற்கு மாகாணம் ஒன்று செய்து காட்ட முடிந்தது. அது பயனளிப்பதைக் கண்டே 1957 இல் சமஷ்டிப் பாராளுமன்றம் வைத்தியசாலைக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றி, இணங்கும் மாகாணங்களின் செலவில் ஏறத்தாழ அரைவாசியை ஏற்றுக்கொண்டது. அவ்வாறு கைக்கு வந்த சமஷ்டிப் பணமே அடுத்த கட்டத்துக்குச் செல்லும் துணிவை டக்ளஸுக்கு அளித்தது. 1959 இறுதியில் வைத்தியச் செலவு அனைத்துக்குமான காப்புறுதியை அறிவித்து, அதையே முன்வைத்து 1960 தேர்தலில் வென்றார். 1961 இல் சட்டமும் நிறைவேறியது. அதற்குள் புதிய ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமையை ஏற்க அவர் ஒட்டாவா செல்ல வேண்டியதாயிற்று. புயலை எதிர்கொள்ளும் பொறுப்பு அடுத்த முதலமைச்சர் வூட்றோ லொயிட்டிடம் வந்தது. அவரது உறுதியை வரலாறு போதிய அளவு பாராட்டவில்லை என்பது எமது கருத்து.

1962 ஜூலை முதலாம் திகதி திட்டம் தொடங்கிய அன்றே மாகாணத்தின் வைத்தியர்களில் மிகப் பெரும்பாலானோர் தமது சிகிச்சை நிலையங்களை மூடினர். அரசு தம்மைச் சம்பள அடிமைகளாக்கும், நோயாளியின் இரகசியம் பறிபோகும் என்று அவர்கள் பிரசாரம் செய்தனர். மூடிய கதவுகளைத் தாண்டி வைத்தியரைத் தேடிச் சென்ற பெற்றோரின் கையில் கைக்குழந்தை ஒன்று உயிர்நீத்த செய்தி கனடாவை உலுக்கியது. பிரித்தானியாவிலிருந்து வைத்தியர்கள் வரவழைக்கப்பட்டனர். பல்லாயிரவர் திரள்வர் என எதிர்பார்க்கப்பட்ட எதிர்ப்புப் பேரணிக்கு ஏறத்தாழ ஐயாயிரம் பேரே வந்தனர். பிரித்தானியரான டெய்லர் பிரபுவின் மத்தியஸ்தத்தில் ஜூலை 23 ஆம் திகதி உடன்பாடு எட்டப்பட்டது. வைத்தியர்கள் தனித் தொழில்புரிவோராகவே நீடித்தனர். கட்டணத்தை நோயாளிக்குப் பதிலாகப் பொதுநிதி செலுத்தியது. அந்தக் கொந்தளிப்பின் மத்தியில் ஜூன் மாதம் நடைபெற்ற சமஷ்டித் தேர்தலில் தமது சொந்த மாகாணத்திலேயே டக்ளஸ் தோற்றார். இத்திட்டத்துக்காக அவர் கொடுத்த விலை அது. அவ்வருடமே பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றார்.

பழைமைவாதப் பிரதமர் டீபன்பேக்கர் நியமித்த நீதியரசர் எமெற் ஹோலின் ஆணைக்குழு, வைத்தியர்களுக்குச் சாதகமான அறிக்கையைத் தருமென எதிர்பார்க்கப்பட்டது. மாறாக, 1964 இல் சஸ்கற்சுவான் முறையையே நாடெங்கும் விரிக்குமாறு அது பரிந்துரைத்தது. சிறுபான்மை அரசை நடத்திய லிபரல் பிரதமர் லெஸ்ரர் பியர்சனின் அரசு 1966 இல் வைத்தியப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்ற, அது 1968 ஜூலை முதலாம் திகதி அமுலுக்கு வந்தது. எல்லோருக்கும் பொருந்துதல், தேவையான சேவைகள் அனைத்தையும் உள்ளடக்குதல், மாகாணம் விட்டு மாகாணம் செல்லினும் செல்லுபடியாதல், பொது நிர்வாகம் ஆகியன சமஷ்டிப் பணத்துக்கான நிபந்தனைகள். 1971 அளவில் பத்து மாகாணங்களும் இணைந்துவிட்டன.

இதற்கு நேர்மாறான ஒரு சிந்தனையும் உலகில் வலுப்பெற்று வந்துள்ளது. ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் சுகாதாரச் சேமிப்புக் கணக்கு வைத்து, அதிலிருந்தே தமது வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்பது அது. சிங்கப்பூர் 1984 இல் மெடிசேவ் என்னும் கட்டாயச் சேமிப்பைத் தொடங்கியது. எனினும் சேமிப்பு மட்டும் போதாமையால் 1990 இல் காப்புறுதியையும் 1993 இல் வறியோருக்கான நிதியையும் சேர்க்க நேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2003 டிசம்பரில் ஜனாதிபதி புஷ் ஒப்பமிட்ட சமஷ்டிச் சட்டம், நோயாளி முதலில் பெருந்தொகையைத் தானே செலுத்த வேண்டிய காப்புறுதியுடன் இணைந்த வரிவிலக்குள்ள சேமிப்புக் கணக்குகளை உருவாக்கியது. காப்புறுதிக்கான அரச மானியத்துக்குப் பதிலாக இத்தகைய கணக்குகளில் பணமிடலாம் என்ற யோசனை 2025 இலும் அந்நாட்டில் விவாதிக்கப்பட்டது. கனடாவிலும் அல்பேர்ட்டாவில் இதற்கு ஆதரவான குரல் எழுந்தபோது, டக்ளஸின் மாகாணத்து முன்னாள் முதலமைச்சர் றோய் றொமனோவின் ஆணைக்குழு 2002 இல் அதனை ஏற்கவில்லை.

சேமிப்பு நல்ல பழக்கமே. ஆனால் உண்டியல் வேறு, மரண சகாய சங்கம் வேறு. ஆரோக்கியமான செல்வந்தனின் கணக்கு நிரம்பும். வரிவிலக்கின் பெரும்பயனும் அவனுக்கே. நீரிழிவும் சிறுநீரக நோயும் கொண்ட ஏழையின் கணக்கு ஆண்டு முடியுமுன்னரே வற்றிவிடும். சிலாவத்துறை மக்களுக்கு இதனைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களோடு முசலி முஸ்லிம்களும் வீட்டையும் நகையையும் படகையும் விட்டுப் புத்தளத்து அகதி முகாம்களுக்குச் சென்றனர். 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கையின்போது அதே பிரதேசத்துத் தமிழர்கள் இடம்பெயர்ந்தனர். இவ்விரு சாராரிடமும் சுகாதாரச் சேமிப்புக் கணக்கு இருந்திருப்பின் சில மாதங்களில் அதில் என்ன எஞ்சியிருக்கும்? கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுக்க நேர்ந்தாலும், அரசாங்க வைத்தியசாலையில் அவர்களிடம் எவரும் கணக்கிலக்கம் கேட்கவில்லை.

எமது முறை குறையற்றது என்று நாம் வாதிட வரவில்லை. 1971 இல் வெளிநோயாளரிடம் சிறு கட்டணம் அறவிடத் தொடங்கி, 1977 இல் கைவிட்ட அனுபவம் எமக்குண்டு. இன்று தனியார் பரிசோதனைக் கூடங்களிலும் மருந்தகங்களிலும் மக்கள் தம் கைப்பணத்தால் செலுத்துவது நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை அண்மிக்கின்றது. மன்னார் போன்ற மாவட்டங்களில் நிபுணர் பற்றாக்குறையும் தீரவில்லை. இலவசம் என்ற சொல் சட்டத்தில் இருக்க, மக்கள் தனியாரிடம் செலவிட நேர்வது, சேமிப்புக் கணக்கு முறை ஓசையின்றி நுழைவதற்கு ஒப்பாகும்.

டக்ளஸின் துணிவு வைத்தியத்தோடு நின்றதல்ல. 1970 ஒக்டோபரில் கியூபெக் பிரிவினைவாதிகள் இருவரைக் கடத்தியபோது, பிரதமர் ட்ரூடோ போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தினார். பிடியாணையின்றி நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். நாடே கைதட்டிய அவ்வேளையில் அதனை எதிர்த்துப் பேசி எதிர்த்தே வாக்களிக்கச் செய்தவர் டக்ளஸ். பாராளுமன்றத்தில் 190 பேர் ஆதரிக்க, 16 பேர் மட்டுமே எதிர்த்தனர். அவரது கட்சியின் செல்வாக்கு சரிந்தது. 1979 முதல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முதலில் தமிழ் இளைஞர்களும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் பெருந்தொகை முஸ்லிம்களும் தடுத்து வைக்கப்பட்டதைக் கண்ட எமக்கு, அந்தப் பதினாறு வாக்குகளின் பெறுமதி தெரியும். அவரையே பல தசாப்தங்களாகக் கனேடியப் பொலிஸின் உளவுப் பிரிவு பின்தொடர்ந்து கோவை சேர்த்து வந்தமை, அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே வெளிவந்தது.

1979 இல் பாராளுமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றபோதும் ஒரு கவலை அவரை விடவில்லை. காப்புறுதிக்கு மேலதிகமாக நோயாளியிடமும் கட்டணம் அறவிடும் பழக்கம் சில மாகாணங்களில் வளர்ந்து வந்தது. வாசலில் மீண்டும் பணம் கேட்கப்படுமாயின் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என அவர் எச்சரித்தார். 1984 இல் சுகாதார அமைச்சர் மொனிக் பெகான் கொண்டுவந்த கனடா சுகாதாரச் சட்டம், அவ்வாறு அறவிடும் மாகாணங்களின் சமஷ்டி நிதியில் அதே தொகையைக் கழிக்க வழிசெய்தது. அதற்கு எதிர்ப்பின்றி வாக்களிக்கப்பட்டது. அதே ஆண்டு பஸ் ஒன்றினால் மோதுண்டு, எண்பதை எட்டிய வயதிலும் தேறி எழுந்தார் டக்ளஸ். பின்னர் புற்றுநோய் அவரை வென்றது. 1986 பெப்ரவரி 24 ஆம் திகதி ஒட்டாவாவில் காலமானார். பற்சிகிச்சையும் மருந்துகளும் அவர் கனவு கண்ட திட்டத்தின் எஞ்சிய பகுதிகள். பற்சிகிச்சைக்கான சமஷ்டித் திட்டம் 2023 டிசம்பரில் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கியது. மருந்துகளுக்கான முதற் சட்டம் 2024 ஒக்டோபரிலேயே நிறைவேறியது.